மெடிகேர் கார்டு வந்தாச்சு, அப்புறம் ஏன் பில் வருது? அமெரிக்காவுல இருக்கற நம்ம பெரியவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒரு முழு வழிகாட்டி

மாமனாருக்கு மெடிகேர் (அமெரிக்க கவர்மெண்ட் நடத்தற ஹெல்த் இன்சூரன்ஸ்) கார்டு தபால்ல வந்த அன்னிக்கு எங்க வீட்ல பாயசம் வெச்சோம். கிரீன் கார்டு வாங்கி அஞ்சு வருஷம் காத்திருந்து வந்த கார்டு, "இனிமே உங்களுக்கு பாரமா இருக்க மாட்டேன் மாப்ள, கவர்மெண்டே பாத்துக்கும்"னு அவரு சொன்னது இன்னும் காதுல இருக்கு. எட்டு மாசம் கழிச்சு பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாரு, நாலு ராத்திரி ஆஸ்பத்திரியில இருந்தாரு, அங்கிருந்து நேரா ரீஹேப் சென்டர்ல (சிகிச்சை குடுத்து பழையபடி நடமாட வைக்கற இடம்) மூணு வாரம். ரீஹேப் பில் மொத்தமும் எங்க தலையில விழுந்துச்சு, ஒரு டாலர் கூட மெடிகேர் குடுக்கல. ஏன்னு கேட்டா "அவரு ஆஸ்பத்திரியில அட்மிட்டே ஆகலையே"னு பதில். நாலு ராத்திரி பெட்ல படுத்து கிடந்தவரு அட்மிட் ஆகலையாம்.

அந்த கதையோட விளக்கம் கீழ வருது. அன்னியிலேர்ந்து இதை நோண்டி நோண்டி படிச்சு, தெரிஞ்சவங்க அப்பா அம்மாவுக்கெல்லாம் ஃபார்ம் நிரப்பிக் குடுத்து கத்துக்கிட்டதைத்தான் எழுதறேன். ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன், மெடிகேர்ல ஓட்டை இருக்கறது எல்லாருக்கும் தெரியும், அதை அடைக்க வழியும் இருக்கு, ஆனா முக்கியமான ஓட்டையை சுலபமா அடைக்கற கதவு பெரும்பாலான மாநிலங்கள்ல ஆறே மாசம்தான் திறந்திருக்கும், நாம அந்த ஆறு மாசத்துல "அப்புறம் பாத்துக்கலாம்"னு விட்டுடறோம்.

இங்க இருக்கற தொகை எல்லாம் 2026க்கு உள்ளது, வருஷா வருஷம் மாறும்.

ஸ்டெப் 1: கார்டு யாருக்கு, எவ்ளோ செலவுல

மெடிகேர் 1965ல அப்போ பிரசிடெண்டா இருந்த ஜான்சன் கையெழுத்து போட்ட சட்டம். அப்போ 65 வயசு ஆனவங்களுக்கு மட்டும்தான் இருந்துச்சு, 1972ல சட்டத்தை மாத்தி 65க்கு கீழ இருக்கற மாற்றுத்திறனாளிகளையும் கிட்னி செயலிழந்தவங்களையும் சேத்தாங்க. பார்ட் ஏ ஆஸ்பத்திரிக்கு, பார்ட் பி டாக்டர், டெஸ்ட், வீல்சேர் மாதிரி சமாச்சாரங்களுக்கு, பார்ட் டி மருந்துக்கு. பார்ட் சின்னு ஒண்ணு இருக்கே, அதான் மெடிகேர் அட்வான்டேஜ், பிரைவேட் கம்பெனி நடத்தறது.

இங்க பத்து வருஷம் வேலை பாத்து 40 கிரெடிட் (சோஷியல் செக்யூரிட்டிங்கற கவர்மெண்ட் பென்ஷன் திட்டத்துக்கு டாக்ஸ் கட்டின வேலைக்கு கிடைக்கற புள்ளி) சேத்திருந்தா பார்ட் ஏக்கு பிரீமியம் கிடையாது. உங்களுக்கு இல்லன்னாலும் கணவனுக்கோ மனைவிக்கோ இருந்து அவங்களுக்கு 62 வயசு ஆயிருந்தா அது போதும். பிள்ளைங்க கூப்பிட்டு வந்த அப்பா அம்மாவுக்குத்தான் சிக்கல், மகன் இங்க இருபது வருஷம் டாக்ஸ் கட்டியிருந்தாலும் அந்த கிரெடிட் பெத்தவங்களுக்கு வராது, இந்தியாவுல முப்பது வருஷம் வேலை பாத்ததும் கணக்குல சேராது. கிரீன் கார்டோட தொடர்ந்து அஞ்சு வருஷம் இங்க குடியிருந்திருக்கணும், 65 ஆயிருக்கணும், அப்புறம் காசு குடுத்து வாங்கிக்கலாம். பார்ட் ஏ மாசம் 565 டாலர், பார்ட் பி 202.90, ரெண்டும் சேத்து ஒரு ஆளுக்கு 767.90. மூச்சு முட்டும்தான்.

இதை குறைக்க ஒரு வழி இருக்கு, நிறைய பேருக்கு தெரியாது. 30 கிரெடிட் இருந்தாலே பார்ட் ஏ 311ஆ இறங்கிடும். ஒரு கிரெடிட்டுக்கு இந்த வருஷம் 1,890 டாலர் சம்பாத்தியம் வேணும், வருஷத்துக்கு நாலு கிரெடிட்தான் அதிகபட்சம். அறுபதுல வந்து திடமா இருக்கற அப்பா ஏதாவது பார்ட் டைம் வேலைக்குப் போய் ஒழுங்கா சோஷியல் செக்யூரிட்டி டாக்ஸ் கட்டினா எட்டு வருஷத்துல 30 தாண்டிடும், பத்து வருஷத்துல 40. கையில கேஷா வாங்கற வேலை இதுல சேராது, அதையும் சொல்லிடறேன்.

அந்த அஞ்சு வருஷம் முடியற வரைக்கும் மார்க்கெட்பிளேஸ் பிளான்தான் (கவர்மெண்ட் சந்தையில தனி ஆளுங்க வாங்கிக்கற இன்சூரன்ஸ்) வழி. விசிட்டர் இன்சூரன்ஸை நீட்டிக்கிட்டே போறாங்க சிலர், அதுல பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கற சுகர், பிபி, ஹார்ட் எதுவும் கவர் ஆகாது, வேணாம்.

ஸ்டெப் 2: ஓட்டை எங்கெங்க இருக்குன்னு முதல்ல பாருங்க

ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனா பார்ட் ஏ டிடக்டிபிள் (மெடிகேர் குடுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நாம கட்ட வேண்டிய தொகை) 1,736 டாலர். வருஷத்துக்கு ஒரு தடவைன்னு நினைச்சுக்காதீங்க, ஒரு "பெனிஃபிட் பீரியட்"டுக்கு ஒரு தடவை. ஆஸ்பத்திரியும் ரீஹேபும் இல்லாம தொடர்ந்து 60 நாள் போயிட்டா அந்த பீரியட் முடிஞ்சுது, அதுக்கப்புறம் மறுபடி அட்மிட் ஆனா புதுசா 1,736. ஒரே வருஷத்துல ரெண்டு மூணு தடவை கட்டினவங்க இருக்காங்க. 61ஆவது நாள்லேர்ந்து 90 வரைக்கும் தினம் 434, அதுக்கு மேல வாழ்நாளுக்கே மொத்தம் 60 ரிசர்வ் நாள்தான், அதுல தினம் 868. அதுவும் தீந்தா முழுசும் நம்ம கையிலேர்ந்து.

பார்ட் பில டிடக்டிபிள் வருஷத்துக்கு 283தான், பயமுறுத்தாது. பயப்பட வேண்டியது அதுக்கப்புறம் வர 20 சதவீதம். மெடிகேர் ஒத்துக்கிட்ட தொகையில 80 அவங்க, 20 நாம, இதுக்கு உச்சவரம்பே கிடையாது. ஆபீஸ் இன்சூரன்ஸ்ல "இவ்ளோக்கு மேல நீ கட்ட வேணாம்"னு ஒரு எல்லை இருக்குமே, ஒரிஜினல் மெடிகேர்ல அது இல்ல. கீமோவுக்கு 80,000 டாலர்னு மெடிகேர் ஒத்துக்கிட்டா நம்ம பங்கு 16,000, அடுத்த வருஷமும் தொடர்ந்தா அடுத்த 16,000. இருக்கறதுலயே பெரிய ஓட்டை இதான், மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

அப்புறம் சுத்தமா கவர் ஆகாதது: வழக்கமான பல் வைத்தியம், பல் செட், கண்ணாடி, காது மிஷின், நர்சிங் ஹோம்ல நிரந்தரமா இருக்கறது, வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி சோறு ஊட்டி பாத்துக்கற ஆள், இந்தியா போனா அங்க ஆகற வைத்தியம்.

சின்ன ஓட்டையும் ஒண்ணு ரெண்டு சொல்றேன். வருஷா வருஷம் இலவசமா ஒரு "வெல்னஸ் விசிட்" உண்டு, அது நம்ம ஊர் ஃபுல் செக்கப் இல்ல, அதுல போய் "டாக்டர் முட்டி வலிக்குது, கொஞ்சம் பாருங்க"ன்னா அது தனி விசிட்டா மாறி பில் வரும். கொலனோஸ்கோபி இலவசம், ஆனா நடுவுல பாலிப் இருந்து எடுத்துட்டா 15 சதவீதம் நம்மளுது. அம்மாகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிருங்க, இல்லன்னா "ஃப்ரீன்னு சொல்லி ஏமாத்திட்டாங்க"னு ஆறு மாசம் புலம்புவாங்க.

ஸ்டெப் 3: தேதியை காலண்டர்ல வட்டம் போடுங்க

65 வயசாகற மாசம், அதுக்கு முன்னாடி மூணு மாசம், பின்னாடி மூணு மாசம், மொத்தம் ஏழு மாசம்தான் முதல் சேர்க்கைக்கான நேரம். 65 தாண்டி வந்த அப்பா அம்மாவுக்கு அஞ்சு வருஷம் முடியற மாசத்தை நடுவுல வெச்சு இதே ஏழு மாசம். சோஷியல் செக்யூரிட்டி பென்ஷன் ஏற்கெனவே வாங்கறவங்களுக்கு கார்டு தானா வந்துடும், மத்தவங்க நாமளா சோஷியல் செக்யூரிட்டியில அப்ளை பண்ணணும்.

விட்டுட்டா என்னாகும்? ஜனவரி 1லேர்ந்து மார்ச் 31 வரைக்கும் வர பொது சேர்க்கைக்கு காத்திருக்கணும், அதுவரைக்கும் கவரேஜ் இல்ல. அதோட பார்ட் பிக்கு அபராதம், முழுசா விட்ட ஒவ்வொரு 12 மாசத்துக்கும் பிரீமியம் 10 சதவீதம் ஏறும், உயிரோட இருக்கற வரைக்கும். மூணு வருஷம் விட்டா 30 சதவீதம், இன்னிக்கு கணக்குல மாசம் ஏறக்குறைய 61 டாலர் கூட.

இன்னும் வேலையில இருந்து ஆபீஸ் இன்சூரன்ஸ் இருந்தா அபராதம் இல்லாம தள்ளிப் போடலாம், வேலையோ அந்த இன்சூரன்ஸோ, எது முதல்ல நிக்குதோ அதுலேர்ந்து எட்டு மாசம் டைம் உண்டு. இங்கதான் படிச்சவங்களே மாட்டறாங்க. லே ஆஃப் ஆகி கோப்ரா (வேலை போனப்புறமும் அதே ஆபீஸ் இன்சூரன்ஸை சொந்த காசுல தொடரறது) எடுத்துட்டு "இன்சூரன்ஸ்தான் இருக்கே"னு உக்காந்திருப்பாங்க, கோப்ரா இதுக்கு கணக்குல வராது, எட்டு மாசம் ஓடிக்கிட்டேதான் இருக்கும். சின்ன கம்பெனியில வேலைன்னா, 20 பேருக்கு குறைவுன்னா, மெடிகேர்தான் முதல்ல பணம் குடுக்கணும்னு ரூல், அதனால மெடிகேர் எடுக்காம இருந்தா கம்பெனி இன்சூரன்ஸ் "எங்க பங்கு மட்டும்தான்"னு கைய விரிச்சிடும். ஹெச்எஸ்ஏல (வைத்திய செலவுக்கு டாக்ஸ் இல்லாம சேக்கற கணக்கு) பணம் போட்டுக்கிட்டு இருக்கறவங்க 65க்கு அப்புறம் மெடிகேருக்கு அப்ளை பண்ண போறீங்கன்னா ஆறு மாசம் முன்னாடியே பணம் போடறதை நிறுத்துங்க, ஏன்னா பார்ட் ஏ ஆறு மாசம் வரைக்கும் பின்தேதியில ஆரம்பிச்சிடும், அந்த மாசங்கள்ல போட்ட பணத்துக்கு டாக்ஸ் பிரச்சனை வரும்.

வருமானம் ஜாஸ்தியா இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. தனி ஆளா 109,000, தம்பதியா 218,000 தாண்டினா பார்ட் பிக்கும் பார்ட் டிக்கும் கூடுதலா வசூல் பண்ணுவாங்க, ரெண்டு வருஷம் முன்னாடி டாக்ஸ் ரிட்டர்னை வெச்சு. ரிட்டயர் ஆகி வருமானம் விழுந்துடுச்சுன்னா எஸ்எஸ்ஏ-44னு ஒரு ஃபார்ம் இருக்கு, நிரப்பிக் குடுத்தா குறைப்பாங்க.

ஸ்டெப் 4: மெடிகேப்பா, அட்வான்டேஜா

இந்த ஒரு ஸ்டெப்பை மட்டும் நிதானமா படிங்க, மத்ததை மேஞ்சாலும் பரவால்ல.

அந்த 20 சதவீத ஓட்டையை அடைக்க ரெண்டு வழி. முதல் வழி ஒரிஜினல் மெடிகேரை வெச்சுக்கிட்டு மேல ஒரு மெடிகேப் பாலிசி (மெடிகேர் போக நம்ம தலையில விழற பங்கைக் கட்டற பிரைவேட் இன்சூரன்ஸ்), கூட தனியா பார்ட் டி. ரெண்டாவது வழி அட்வான்டேஜ், எல்லாம் ஒரே பிளான்ல, பல இடத்துல கூடுதல் பிரீமியம் பூஜ்யம் (பார்ட் பி பிரீமியம் கட்டியே ஆகணும், அதை விளம்பரத்துல சின்ன எழுத்துல போடுவாங்க), பல்லு, கண்ணு, ஜிம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் சேத்து. இப்போ பாதிக்கு மேல ஆளுங்க அட்வான்டேஜ்லதான் இருக்காங்க.

அட்வான்டேஜ்ல உச்சவரம்பு உண்டு, அது நல்ல விஷயம், நெட்வொர்க்குக்குள்ள (பிளானோட ஒப்பந்தம் போட்ட டாக்டர், ஆஸ்பத்திரிக்குள்ள) 9,250 டாலருக்கு மேல போகக் கூடாதுன்னு சட்டம், நிறைய பிளான்ல அதைவிட குறைவாவே இருக்கும். ஆனா நெட்வொர்க் டாக்டர்தான் பாக்கணும், பெரிய ஸ்கேன், சர்ஜரி, ரீஹேப் எல்லாத்துக்கும் முன் அனுமதி வாங்கணும், அனுமதி மறுக்கவும் செய்வாங்க. உடம்பு நல்லா இருக்கற வரைக்கும் அட்வான்டேஜ் மாதிரி சொகுசு இல்ல, உடம்பு கெட்டதும்தான் அதோட இன்னொரு முகம் தெரியும்.

மெடிகேப்ல நாட்டுல எந்த டாக்டர் மெடிகேர் வாங்கறாரோ அவர்கிட்ட போகலாம், பெரும்பாலும் அனுமதியும் கேக்க வேணாம். பிளானுக்கெல்லாம் எழுத்துதான் பேரு, ஒரே எழுத்துன்னா எந்த கம்பெனியா இருந்தாலும் உள்ள இருக்கற அடிப்படை கவரேஜ் ஒண்ணுதான், அதனால விலையை மட்டும் ஒப்பிட்டா போதும் (மாசசூசெட்ஸ், மினசோட்டா, விஸ்கான்சின் மூணு மட்டும் தனி வழி). 2020க்கு அப்புறம் 65 ஆனவங்களுக்கு பிளான் சி, எஃப் ரெண்டும் கிடையாது, இப்போ ஜி (G), என் (N) ரெண்டும்தான் எல்லாரும் பேசறது. ஜி எடுத்தா மெடிகேர் ஒத்துக்கற வைத்தியத்துல அந்த 283 டிடக்டிபிள் மட்டும்தான் நாம கட்டறது. என் எடுத்தா மாச பிரீமியம் கொஞ்சம் கம்மி, பதிலுக்கு டாக்டர் விசிட்டுக்கு 20 டாலர் வரைக்கும், எமர்ஜென்சி ரூமுக்கு 50 வரைக்கும், அப்புறம் மெடிகேர் விலையை முழுசா ஏத்துக்காத டாக்டர் 15 சதவீதம் வரை கூட கேட்டா அதுவும் நம்ம கை காசு. விலை கேக்கும்போது இன்னொண்ணும் கேளுங்க, வயசு ஏற ஏற பிரீமியம் ஏறுமா, சேந்த வயசுக்கே நிக்குமா, எல்லா வயசுக்கும் ஒரே விலையான்னு. 65ல சீப்பா தெரியறது 80ல அப்படி இருக்காது.

இப்போ அந்த கதவு விஷயம். 65 ஆகி பார்ட் பி ஆரம்பிச்ச மாசத்துலேர்ந்து ஆறு மாசம். அந்த ஆறு மாசத்துக்குள்ள எந்த மெடிகேப் கம்பெனியும் உங்க வியாதியைக் காட்டி "முடியாது"ன்னு சொல்லக் கூடாது, அதுக்காக விலையையும் ஏத்தக் கூடாது. கேன்சரா இருந்தாலும் சரி, டயாலிசிஸா இருந்தாலும் சரி. ஆறு மாசம் முடிஞ்ச மறுநாள்லேர்ந்து கேள்வி கேப்பாங்க, சுகர் எத்தனை, ஸ்டென்ட் வெச்சிருக்கா, மறுக்கவும் செய்யலாம். நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மெயின் நாலு மாநிலத்துல மட்டும் அப்புறமும் வியாதி பாக்காம தரணும்னு சட்டம் இருக்கு, அதுலயும் மாநிலத்துக்கு மாநிலம் நேரம் காலம் வேற. கலிஃபோர்னியா, ஆரிகன் மாதிரி சில இடத்துல பிறந்தநாளை ஒட்டி பாலிசி மாத்திக்கலாம், ஆனா கையில ஏற்கெனவே மெடிகேப் இருக்கறவங்களுக்குத்தான் அது.

அட்வான்டேஜ்லேர்ந்து அட்வான்டேஜுக்கு வருஷா வருஷம் தாவலாம், அக்டோபர் 15லேர்ந்து டிசம்பர் 7க்குள்ள. ஒரிஜினல் மெடிகேருக்கும் திரும்பலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. ஆனா திரும்பி வந்து மெடிகேப் கேட்டா "ஹெல்த் ரிப்போர்ட் குடு"ம்பாங்க, அங்கதான் மாட்டுவோம். 65ல முதல் தடவையே அட்வான்டேஜ்ல சேந்தவங்களுக்கு மட்டும் 12 மாசம் ட்ரையல் உண்டு, அதுக்குள்ள பிடிக்கலன்னு வந்தா கேள்வி இல்லாம மெடிகேப் தருவாங்க.

என் அபிப்ராயம் கேட்டா, வீட்ல மாசம் பிரீமியம் கட்ட முடியும்னா முதல் ஆறு மாசத்துல மெடிகேப் எடுத்துடுங்க. கட்ட முடியாதுன்னா நல்ல அட்வான்டேஜ் பிளான் தப்பே இல்ல, ஒண்ணும் இல்லாம வெறும் ஏ, பியோட இருக்கறதைவிட ஆயிரம் மடங்கு மேல். டிவி விளம்பரம் பாத்தோ, தமிழ் சங்க விழாவுல ஸ்டால் போட்ட ஏஜெண்ட் நம்ம ஊர்க்காரர்னோ மட்டும் முடிவு பண்ணாதீங்க. அவருக்கு கமிஷன் உண்டு. ஒவ்வொரு மாநிலத்துலயும் ஷிப்னு இலவச ஆலோசனை சேவை இருக்கு, கலிஃபோர்னியாவுல அதுக்கு ஹைகேப்னு பேரு, ஃபுளோரிடாவுல ஷைன், அவங்க எதையும் விக்கறவங்க இல்ல. மெடிகேரோட 1-800-633-4227க்கு போன் பண்ணி மொழிபெயர்ப்பாளர் வேணும், தமிழ்னு சொன்னா இலவசமா லைன்ல சேப்பாங்க, கொஞ்சம் காத்திருக்கணும்.

இங்க இன்னொரு விஷயம், மெடிகேப்போ அட்வான்டேஜோ எடுக்க ஏ, பி ரெண்டும் வேணும். 565 ஜாஸ்தின்னு பார்ட் பி மட்டும் வாங்கி வெச்சிருக்கற பெற்றோருக்கு ரெண்டு வழியும் அடைஞ்சிடும், அதையும் கணக்குல வெச்சு முடிவு பண்ணுங்க.

ஸ்டெப் 5: 65க்கு கீழ, மாற்றுத்திறனாளியா இருந்தா

இவங்களுக்குத்தான் ஓட்டை பெருசு, எழுதறவங்க கம்மி. எஸ்எஸ்டிஐ (வேலை செய்ய முடியாம போனவங்களுக்கு சோஷியல் செக்யூரிட்டி தர்றது) உதவித்தொகை கிடைக்கவே முடக்கம் ஆரம்பிச்சு அஞ்சு மாசம் காத்திருக்கணும், அப்புறம் அந்த உதவித்தொகை தகுதி ஆரம்பிச்சு 24 மாசம் கழிச்சுத்தான் மெடிகேர். மொத்தம் 29 மாசம், பக்கவாதம் வந்து வேலை போன ஆளு ரெண்டரை வருஷம் என்ன பண்ணுவாரு? ஏஎல்எஸ்ங்கற நரம்பு வியாதிக்கு மட்டும் இந்த காத்திருப்பு இல்ல, டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு பொதுவா நாலாவது மாசம் ஆரம்பத்துலேர்ந்து, வீட்லயே டயாலிசிஸ் பண்ண ட்ரெய்னிங் எடுத்தா முதல் மாசத்துலேர்ந்தே.

நடுவுல இருக்கற காலத்துக்கு கோப்ராவை நீட்டலாம். சாதாரணமா 18 மாசம்தான், ஆனா கோப்ரா ஆரம்பிச்ச முதல் 60 நாளுக்குள்ள முடக்கம் இருந்ததா சோஷியல் செக்யூரிட்டி முடிவு சொல்லி, அந்த லெட்டரை நேரத்துக்கு பிளான்காரங்களுக்கு அனுப்பினா இன்னும் 11 மாசம் கிடைக்கும். கூட்டினா 29, மெடிகேர் வரைக்கும் இழுத்துடலாம், ஆனா அந்த 11 மாசத்துக்கு விலை ஏத்துவாங்க. கட்டுப்படி ஆகலன்னா மெடிகெய்ட் (வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கு மாநிலம் நடத்தற கவர்மெண்ட் இன்சூரன்ஸ்), மார்க்கெட்பிளேஸ் ரெண்டையும் பாருங்க.

கார்டு வந்தாலும் 65க்கு கீழ இருக்கறவங்களுக்கு மெடிகேப் வித்தே ஆகணும்னு மத்திய சட்டம் கிடையாது. முப்பதுக்கும் மேல மாநிலங்கள் தாங்களா ஏதோ ஒரு அளவுக்கு சட்டம் போட்டிருக்கு, அங்கயும் விலை 65காரங்களைவிட ரொம்ப கூட இருக்கலாம். அதனால நிறைய பேரு அட்வான்டேஜ்தான் எடுக்கறாங்க, அங்க வியாதி பாத்து மறுக்க முடியாது. ஆனா 65 ஆகும்போது இவங்களுக்கு புதுசா அந்த ஆறு மாச கதவு மறுபடி திறக்கும், பழைய பார்ட் பி அபராதம் இருந்தா அதுவும் அழிஞ்சிடும். அந்த பிறந்தநாளை மறக்காதீங்க.

ஆட்டிசம், செரிப்ரல் பால்சி மாதிரி 22 வயசுக்கு முன்னாடியே முடக்கம் ஆரம்பிச்ச பிள்ளைங்க வீட்ல இருந்தா இதைக் கவனிங்க. அப்பாவோ அம்மாவோ சோஷியல் செக்யூரிட்டி வாங்க ஆரம்பிச்சதும், இல்ல இறந்துட்டாலும், வளர்ந்த அந்த பிள்ளைக்கு 18 வயசுக்கு மேல பெத்தவங்க கணக்குல உதவித்தொகை கிடைக்கலாம், 24 மாசம் கழிச்சு மெடிகேரும் வரும். கல்யாணம் பண்ணிக்காம இருக்கணும்ங்கறது பொது விதி. நம்ம ஆளுங்க வெளிய பேசவே தயங்கற விஷயம், அதனாலயே நிறைய குடும்பம் கேக்காம விட்டுடுது.

எஸ்எஸ்டிஐல இருந்துட்டு மறுபடி வேலைக்குப் போனா மெடிகேர் போயிடுமோன்னு பயப்படறவங்களுக்கு: வேலை பாத்துக்கிட்டே உதவித்தொகையும் வாங்கற ஒன்பது மாச ட்ரையல் முடிஞ்ச பிறகும் குறைஞ்சது 93 மாசம் தொடரும், முடக்கம் அப்படியே இருக்கற வரைக்கும்.

வீல்சேர் பார்ட் பில வரும், 20 சதவீதம் நம்ம பங்கு. ஆனா வீட்டுக்குள்ள நடமாட அது தேவைன்னு டாக்டர் நேர்ல பாத்து எழுதணும். "வெளிய கோயிலுக்குப் போக, கடைக்குப் போக வேணும்"னு சொன்னா ரிஜெக்ட். டாக்டர்கிட்ட பேசும்போது படுக்கையிலேர்ந்து பாத்ரூம் போறதுல என்ன கஷ்டம், சமையலறைக்கு போக முடியுதான்னு அதைச் சொல்லுங்க, உண்மையத்தான், ஆனா அந்த உண்மைய. பாத்ரூம் கைப்பிடி, குளிக்கற நாற்காலி எல்லாம் நம்ம செலவு.

ஸ்டெப் 6: மருந்து

இப்போ இங்க நிலைமை முன்னைக்கு பரவால்ல. பார்ட் டில கவர் ஆகற மருந்துக்கு வருஷத்துக்கு 2,100 டாலருக்கு மேல நாம கட்ட வேணாம், இன்சுலின் மாசம் 35க்கு மேல கிடையாது. ஜனுவியா, ஜார்டியன்ஸ், எலிக்விஸ் மாதிரி பத்து மருந்துக்கு கவர்மெண்ட் பேரம் பேசின விலை 2026 ஜனவரியிலேர்ந்து நடைமுறையில இருக்கு.

ஓட்டை எங்கன்னா, "கவர் ஆகற மருந்து"ங்கற வார்த்தையில. உங்க மருந்து அந்த பிளான் லிஸ்ட்லயே இல்லன்னா 2,100 எல்லை அதுக்கு இல்ல. அதனால வருஷா வருஷம் அக்டோபர்ல எல்லா மருந்தையும் டோஸோட மெடிகேர் சைட்ல போட்டு பிளான் தேடுங்க, பிரீமியத்தை மட்டும் பாக்காம வருஷ மொத்த செலவை பாருங்க. இப்போ மருந்தே சாப்பிடலன்னாலும் மலிவா ஒண்ணு எடுத்து வெச்சுக்கோங்க, வேற கவரேஜ் இல்லாம விட்டா மாசத்துக்கு 1 சதவீதம்னு அதுக்கும் ஆயுசுக்கும் அபராதம்.

ஸ்டெப் 7: ஆஸ்பத்திரியில முதல் நாளே கேக்க வேண்டிய கேள்வி

இப்போ மாமனார் கதை. ஆஸ்பத்திரியில பெட் குடுத்து டிரிப்ஸ் ஏத்தி நாலு நாள் வெச்சிருந்தாலும் பேப்பர்ல ரெண்டு விதமா எழுதலாம், இன்பேஷண்ட்னு ஒண்ணு, அப்சர்வேஷன்னு ஒண்ணு. அப்சர்வேஷன்னா கணக்குப்படி அவரு வெளிநோயாளி, பார்ட் பிதான் பில் கட்டும். ரீஹேப் போகணும்னா ஒரிஜினல் மெடிகேர்ல தொடர்ந்து மூணு நாள் இன்பேஷண்டா இருந்திருக்கணும், டிஸ்சார்ஜ் ஆகற நாள் சேராது. அப்சர்வேஷன் நாள் எத்தனை இருந்தாலும் பூஜ்யம். மாமனார் நாலு ராத்திரியும் அப்சர்வேஷன்ல இருந்திருக்காரு, எங்களுக்கு ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க, நான்தான் படிக்காம போட்டேன். அந்த நோட்டீஸுக்கு பேரு மூன், 24 மணி நேரத்துக்கு மேல அப்சர்வேஷன்ல வெச்சிருந்தா குடுத்தே ஆகணும்.

அதனால முதல் நாளே டாக்டர்கிட்ட நேரா கேளுங்க, "எங்கப்பா இன்பேஷண்டா, அப்சர்வேஷனா?" தினம் கேளுங்க, ஏன்னா நடுவுல மாத்துவாங்க. அப்சர்வேஷன்னா நம்ம குடும்ப டாக்டரையும் விட்டு பேச வைங்க, கேஸ் மேனேஜர்னு ஒருத்தர் இருப்பாங்க, அவங்களைப் பிடிங்க. இன்பேஷண்ட்னு போட்டுட்டு அப்புறம் அப்சர்வேஷனா மாத்தினா இப்போ அப்பீல் பண்ண வழி வந்திருக்கு, ஆரம்பத்துலேர்ந்தே அப்சர்வேஷன்னா அந்த வழி இல்ல. அட்வான்டேஜ் பிளான் நிறைய இந்த மூணு நாள் ரூலை கேக்காது, ஆனா அங்க முன் அனுமதிங்கற வேற தலைவலி.

ரீஹேப்ல முதல் 20 நாள் இலவசம், 21லேர்ந்து 100 வரைக்கும் தினம் 217 (பிளான் ஜியும் என்னும் இதைக் கட்டிடும்), 100க்கு மேல ஒண்ணும் கிடையாது. 100 நாள் உரிமை மாதிரி நினைச்சுக்காதீங்க, பாதியிலயே "இவருக்கு முன்னேற்றம் இல்ல, நிறுத்தறோம்"னு சொல்வாங்க. இதுக்கு ஒரு பதில் இருக்கு. 2013ல ஜிம்மோ வழக்குல ஒரு சமரசம் ஆச்சு, அதுப்படி முன்னேற்றம் இருந்தாத்தான் கவரேஜ்னு சொல்லக் கூடாது, இருக்கற நிலைமை கெடாம பாத்துக்க திறமையான சிகிச்சை தேவைன்னாலும் குடுக்கணும். பார்க்கின்சன்ஸ், எம்எஸ்ங்கற நரம்பு வியாதி, பக்கவாதம் இருக்கறவங்களுக்கு இது பெரிய ஆயுதம், ஜிம்மோன்னு பேரைச் சொல்லியே கேளுங்க. நிறுத்தறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி நோட்டீஸ் தரணும், அதுல அப்பீல் பண்ற நம்பர் இருக்கும், நிறுத்தற தேதிக்கு முதல் நாள் மத்தியானம் 12க்குள்ள கூப்பிட்டுடுங்க. வெள்ளிக்கிழமை சாயந்திரமா நோட்டீஸ் நீட்டினா திங்கக்கிழமை பாத்துக்கலாம்னு விடாதீங்க.

ஸ்டெப் 8: வருமானம் கம்மின்னா

கியூஎம்பின்னு ஒரு திட்டம், மெடிகெய்ட் ஆபீஸ்ல அப்ளை பண்ணணும். வருமானம் வறுமைக்கோட்டை ஒட்டி இருக்கறவங்களுக்கு பார்ட் பி பிரீமியம், டிடக்டிபிள், அந்த 20 சதவீதம் எல்லாத்தையும் மாநிலமே கட்டும், கிரெடிட் இல்லாதவங்களோட பார்ட் ஏ 565ஐயும் சேத்து. கியூஎம்பி இருக்கறவங்ககிட்ட டாக்டர் மீதி பில் கேக்கறதே சட்டப்படி தப்பு. வருமானம் கொஞ்சம் மேல போனா பார்ட் பி பிரீமியம் மட்டும் கட்டற எஸ்எல்எம்பி, கியூஐ இருக்கு. மருந்து செலவுக்கு எக்ஸ்ட்ரா ஹெல்ப்னு ஒரு திட்டம், வறுமைக்கோட்டுல ஒன்றரை மடங்கு வரைக்கும் தகுதி, சொத்து வரம்பும் பாப்பாங்க. "மெடிகெய்ட் பக்கம் போனா வீட்டை எடுத்துப்பாங்க"னு ஒரு பேச்சு இருக்கு, நர்சிங் ஹோம் மாதிரி செலவுக்கு இறந்தப்புறம் சொத்துலேர்ந்து வசூல் பண்றது உண்மைதான், ஆனா இந்த மெடிகேர் செலவு உதவிக்கு அந்த வசூல் கிடையாது.

நீண்டகால பராமரிப்புக்கு மெடிகேர்ல வழியே இல்ல, சொந்த காசு, தனி லாங் டேர்ம் கேர் பாலிசி, இல்ல மெடிகெய்ட். மாநில மெடிகெய்ட் பலதுல வீட்லயே பாத்துக்கற திட்டம் இருக்கு, சில இடத்துல பாத்துக்கற மகளுக்கோ மருமகளுக்கோ சம்பளமும் தருவாங்க, காத்திருப்போர் லிஸ்ட் நீளமா இருக்கும், அதனால இன்னிக்கே பேரு குடுங்க.

ஸ்டெப் 9: ஊருக்கு போறதுக்கு முன்னாடி

இந்தியாவுல ஆகற வைத்தியத்துக்கு ஒரிஜினல் மெடிகேர் பணம் தராது. பிளான் ஜி, என் மாதிரி சில மெடிகேப்ல எமர்ஜென்சிக்கு மட்டும் உண்டு, பயணத்துல முதல் 60 நாளுக்குள்ள, 250 டாலர் நாம கட்டின பிறகு 80 சதவீதம், வாழ்நாளுக்கு மொத்தம் 50,000 வரைக்கும். ஆறு மாசம் பேரன் பேத்தி கல்யாணம்னு தங்கிட்டா 60 நாளுக்கு அப்புறம் ஒண்ணும் இல்ல, தனி டிராவல் இன்சூரன்ஸ் எடுங்க. அட்வான்டேஜ் பிளான்ல வேற சிக்கல், பெரும்பாலான பிளான் தொடர்ந்து ஆறு மாசத்துக்கு மேல ஏரியாவுல இல்லன்னா பேரை எடுத்துடும். அங்க போய் இருக்கற காலத்துக்கு எதுக்கு பிரீமியம்னு பார்ட் பிய ரத்து பண்றாங்க சிலர், திரும்பி வந்தா மேல சொன்ன அபராதம், காத்திருப்பு எல்லாம் முதல்லேர்ந்து.

அங்க ஆஸ்பத்திரியில சேர வேண்டி வந்தா மெடிகேப் கம்பெனிக்கு கிளெய்ம் போட ஐட்டம் ஐட்டமா பிரிச்ச பில், ரசீது, எமர்ஜென்சின்னு தெளிவா எழுதின இங்கிலீஷ் டிஸ்சார்ஜ் சம்மரி மூணும் வேணும். டிஸ்சார்ஜ் ஆகற அன்னிக்கே சீல் போட்டு கையோட வாங்கிடுங்க, பிளைட் ஏறினப்புறம் போன்ல கேட்டு வாங்கறதுக்குள்ள கிளெய்ம் டைமே முடிஞ்சிடும்.